லட்சுமி காலடியில் கூகை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். குறுவை அறுத்து, சம்பாவும் நட்டாகிவிட்டது.

துர்கா பூஜை முடிந்த பௌர்ணமியில் பக்கத்து வீட்டு லட்சுமி பூஜை என்று கொல்கத்தாவிலிருந்து படம் அனுப்பியிருந்தாயே, அதை அப்பாயியிடம் காட்டிவிட்டேன். “மகாலட்சுமி காலடியில சாக்குருவியா? முதல்ல அதை அழிடா” என்று போனைத் தள்ளிவிட்டார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நமக்கு லட்சுமி என்றால் யானைதான். நம் வீட்டு நிலைக்கு மேலே இருக்கும் கஜலட்சுமிக்கு வெள்ளி தவறாமல் மஞ்சள் வைப்பவர் அவர். (பந்தடித்து ஒரு துதிக்கையை உடைத்தது நீதான். இன்னும் ஒட்டவில்லை.) யானையை மேகமாகப் பார்ப்பது பழைய வழக்கம். அவை குடத்தால் ஊற்றுவது மழை. நமக்கென்றால் அந்த இரண்டும் குடகில் நின்று ஊற்ற வேண்டும், அப்புறம் மேட்டூரில் கதவைத் திறக்க வேண்டும்!

ஆனால் உன் படத்தில் மாக்கோலமாகப் போட்டிருந்த நெற்கதிரைப் பார்த்ததும் எனக்கு வேறொன்று தோன்றியது. இந்தக் குறுவையில் வாய்க்காலோரம் மூன்று மா வயலை எலி வெட்டிச் சாய்த்துவிட்டது. கிட்டி வைத்தோம். “பிள்ளையார் வாகனத்துக்கே கிட்டியா” என்று அதற்கும் அப்பாயி திட்டினார். பிறகு மூங்கில் கழியில் குறுக்குக் கட்டை கட்டி வயலில் அங்கங்கே நட்டேன். ராத்திரியில் கூகை வந்து உட்காருகிறது. காலையில் போனால் கழியடியில் எலி மயிரும் எலும்புமாக உருண்டைகள் கிடக்கின்றன. செரிக்காததை அது அப்படிக் கக்கிவிடும்.

கூகைக்குப் பகலில் கண் தெரியாது, காசு வந்த மனிதனும் அப்படித்தான், அதனால்தான் அது லட்சுமிக்கு வாகனம் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். பிரசங்கத்துக்கு நன்றாக இருக்கும். எலி வெட்டிய வரப்பில் நின்றவனுக்கு அது ஒட்டாது. வங்காளமும் நம்மைப் போல ஆற்று வண்டலில் நெல் விளைகிற ஊர். நெல்லைக் காக்கிற பறவையை லட்சுமி பக்கத்தில் வைத்தவர்கள் விவசாயிகளாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அப்பாயியிடம் இதைச் சொல்லவில்லை. கழியெல்லாம் கொக்கு உட்கார என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் அப்படியே சொல்லு.

ஒரு வேலை. ஞாயிற்றுக்கிழமை அங்கே இந்திய அருங்காட்சியகத்துக்குப் போ. பார்குத் என்ற பௌத்தத் தூபியின் கல்வேலி அங்கே இருக்கிறது, 2,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. தாமரையில் நிற்கும் திருமகளுக்கு இரண்டு யானைகள் நீர் ஊற்றும் சிற்பத்தை அதில் தேடு. குபேரனைப் போலவே இருக்கும், பௌத்தர்களின் செல்வக் கடவுளான ஜம்பலன் சிலை கண்ணில் பட்டால் கையைக் கவனி, ரத்தினம் கக்கும் கீரியைப் பிடித்திருப்பான். யானைப் படத்தை மட்டும் அப்பாயி போனுக்கு அனுப்பு. கீரியை எனக்கு.

அன்புடன்,
அப்பா