பத்துப் பேரில் ஒரு கோல்கீப்பர்கூட இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ‘எக்காலத்துக்குமான பத்து கால்பந்து வீரர்கள்’ தரவரிசையைப் படித்தேன். முதலிடம் பெலேவுக்கா, மரடோனாவுக்கா, மெஸ்ஸிக்கா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. அது எந்த நீதிமன்றத்திலும் தீராது. பத்துப் பேருமே கோல் அடிப்பவர்களாக இருப்பதுதான் என் மனத்தாங்கல். எதிரணியைக் கோல் அடிக்கவிடாமல் நிறுத்தியவர்கள் கால்பந்து ஆடவே இல்லையா?

கட்டுரையாளர் கோல் எண்ணிக்கையையும், ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்குத் தரப்படும் பாலன் டி ஓர் விருதுகளையும் அளவுகோலாக எடுத்துக்கொண்டிருக்கிறார். 1956இல் தொடங்கிய அந்த விருது 1994 வரை ஐரோப்பியர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. மரடோனா உலகக் கோப்பையை வென்ற 1986இல் கூட அது சோவியத் வீரர் பெலானோவுக்குப் போனது. பிரேசிலின் பெலேவுக்கும் கரிஞ்சாவுக்கும் நேராகப் பூஜ்யம் போட்டு மெஸ்ஸியின் எட்டோடு ஒப்பிடுவது என்ன நியாயம்? இத்தனை ஆண்டுகளில் அதை வாங்கிய ஒரே கோல்கீப்பர் லெவ் யாஷின், அதுவும் 1963இல். விருதே ஓரவஞ்சனை செய்யும்போது அதை வைத்துப் போட்ட பட்டியல் வேறு எப்படி இருக்கும்?

கோல் கணக்கும் அப்படித்தான். 1970 உலகக் கோப்பையில் பிரேசிலும் இங்கிலாந்தும் மோதின. வலப்பக்கத்திலிருந்து பிரேசிலின் ஜெய்ர்சினோ தூக்கிக் கொடுத்த பந்தைப் பெலே எம்பி, தரையை நோக்கித் தலையால் முட்டினார். மறுமுனையிலிருந்து பாய்ந்து வந்த இங்கிலாந்து கோல்கீப்பர் கோர்டன் பேங்க்ஸ், தரையில் பட்டு எழும்பிய பந்தைக் கையால் தட்டிக் கம்பத்துக்கு மேலே அனுப்பினார். ஆட்டக் குறிப்பில் அது வெறும் கார்னர், அதாவது எதிரணிக்குக் கிடைத்த ஒரு மூலை உதை. பின்னர் ஜெய்ர்சினோ ஒரு கோல் போட, பிரேசில் 1-0 என வென்றது. புள்ளிவிவரத்தில் இருப்பது அந்த ஒரு கோல்தான்.

அதே போட்டியின் அரையிறுதியில், இத்தாலிக்கு எதிராகத் தோள்பட்டை விலகிய மேற்கு ஜெர்மனியின் தடுப்பாட்டக்காரர் பெக்கன்பவர், மாற்று வீரர்கள் இருவரும் ஏற்கெனவே இறங்கிவிட்டதால், கையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கூடுதல் நேரம் முடியும்வரை ஆடினார். மேற்கு ஜெர்மனி 4-3 எனத் தோற்றது. 1974இல் தலைவராகவும் 1990இல் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பையை வென்றவர் அவர். என் கணக்கில் முதல் மூவருக்கு அடுத்த இடம் அவருக்குத்தான். யாஷினும், ஏசி மிலான் கிளப்புக்காக ஐந்து முறை ஐரோப்பிய கிளப் கோப்பை வென்ற இத்தாலியத் தடுப்பாட்டக்காரர் மால்தீனியும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே வருவார்கள்.

இவர்களுக்கு இடமில்லை என்றால் தலைப்பையாவது ‘பத்து முன்கள வீரர்கள்’ என்று திருத்திவிடுங்கள். இடம் வேண்டுமென்றால், எட்டு முதல் பத்து வரை உள்ள பெயர்களை நீக்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்