பால் கொடுத்த தகப்பன்: அபயே அவர்களுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய அபயே ஐயா அவர்களுக்கு,

வணக்கம். 4ஆம் நூற்றாண்டில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில், பாபிலோனியாவின் பும்பெதித்தா ஊரில் யூதக் கல்விச்சாலைக்குத் தலைவராக இருந்தவருக்கு இப்போது கடிதம் எழுதுவது கிறுக்குத்தனம்தான். ஆனால் யூத அறிஞர்களின் விவாதங்களைத் தொகுத்த தல்மூதைத் திறந்தால் நீங்கள் யாரோடாவது மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். படிக்கிறவனுக்கும் நடுவில் புகுந்து இரண்டு வார்த்தை பேசலாமே என்று தோன்றிவிடுகிறது.

நான் பேச வந்தது தல்மூதில் வரும் அந்த ஏழைத் தகப்பனைப் பற்றி. மனைவி செத்துப்போனாள். வீட்டில் பால்குடி மாறாத பிள்ளை. பாலூட்ட ஒருத்தியை அமர்த்தலாம் என்றால் கூலி கொடுக்கக் காசு இல்லை. அப்போது அவனுக்கு ஓர் அற்புதம் நடந்தது. பெண்களுக்குப் போலவே அவனுக்கு மார்பு சுரந்தது. அவனே பிள்ளைக்குப் பால் கொடுத்தான். கதை அவ்வளவுதான், மூன்று வரி. அதைக் கேட்டதும் உங்கள் ஆசிரியர் ரவ் யோசேப் (ரவ் என்றால் குரு), "இப்படி ஓர் அற்புதம் நடக்க வேண்டுமானால் இவன் எவ்வளவு பெரிய மனிதனாக இருக்க வேண்டும்!" என்று வியக்கிறார். நீங்கள் அவரை முடிக்கக்கூட விடவில்லை. "எங்கே பெரியவன்? படைப்பின் ஒழுங்கையே இவனுக்காக மாற்ற வேண்டி வந்ததே, இவன் எவ்வளவு தாழ்ந்தவன்!"

முதலில் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. பெண்டாட்டியைப் பறிகொடுத்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது?

அப்புறம்தான் இதைச் சொன்னது யார் என்று யோசித்தேன். உங்கள் தாய் கருவுற்றபோதே தந்தை இறந்துவிட்டார், உங்களைப் பெற்றபோது தாயும் போய்விட்டார் என்று தல்மூதின் கித்துஷின் பகுதியில் எழுதி வைத்திருக்கிறார்கள். உடனே அங்கேயே ஒருவர் மடக்குகிறார்: அபயே அடிக்கடி "அம்மா எனக்குச் சொன்னாள்" என்கிறாரே, அது எப்படி? அது அவரை வளர்த்த அம்மா என்று பதில். ஆக, தாயில்லாப் பிள்ளை யார் கையில் பால் குடிக்கும் என்ற கேள்வி உங்களுக்கு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. அந்தத் தகப்பனுக்கு நடந்தது உங்களுக்கு நடக்கவில்லை. உங்களை ஒரு பெண் எடுத்து வளர்த்தாள்.

அந்த அம்மாவை நீங்கள் சாகும்வரை மறக்கவில்லை போலிருக்கிறது. சப்பாத் பகுதியில் பச்சைக் குழந்தை வைத்தியமாக அவர் சொன்னவற்றை வரிசையாகக் கொட்டுகிறீர்கள். பிள்ளை பால் குடிக்க மாட்டேன் என்கிறதா, வாய் குளிர்ந்திருக்கும், ஒரு கிண்ணத்தில் நெருப்புத்துண்டு எடுத்து வாய்க்குப் பக்கத்தில் காட்டு, சூடேறினால் குடிக்கும். இன்னொன்றை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறந்த பிள்ளைக்கு ஆசனவாய் திறந்திருப்பது தெரியவில்லை என்றால், எண்ணெய் தடவி, பகல் வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். எந்த இடத்தில் ஒளி ஊடுருவுகிறதோ அந்த இடத்தை ஒரு வாற்கோதுமை மணியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீற வேண்டும். உலோகம் படக்கூடாது, வீங்கிவிடும். இதைச் சொன்னவள் எத்தனை குழந்தைகளைக் கையில் ஏந்தியிருப்பாள்! எண்ணெய், வெயில், ஒரு தானிய மணி. இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஓர் உயிரைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள்.

இதே நினைவோடு பெரகோத் பகுதியின் 60ஆம் ஏட்டுக்குப் போனால், கழிப்பறையிலிருந்து வெளியே வருகிறவன் சொல்ல வேண்டிய ஆசிமொழி உங்கள் பெயரின் கீழ் வருகிறது. மனிதனை ஞானத்தோடு உருவாக்கி, அவனுக்குள் துளைகளையும் குழிகளையும் படைத்தவரே. அவற்றில் ஒன்று திறந்துகொண்டாலும் ஒன்று அடைத்துக்கொண்டாலும் உமது முன்னால் நிற்க முடியாது. மற்றவர்களுக்கு இது பொதுவான நன்றி. எனக்கு அந்த "அடைத்துக்கொண்டாலும்" என்ற இடத்தில் வெயிலுக்கு எதிரே பிடிக்கப்பட்ட அந்தக் குழந்தைதான் தெரிகிறது.

இந்த ஆசியை எப்படி முடிப்பது என்று உங்கள் ஆட்கள் அடித்துக்கொண்டதும் பிரமாதம். "நோயாளிகளைக் குணமாக்குகிறவர்" என்று முடிக்கலாம் என்றார், ரவ் என்றே பெயர் பெற்ற ஓர் ஆசான். உலகத்தில் எல்லாரையும் நோயாளி ஆக்கிவிட்டாரே என்று கேலி செய்த சமுவேல், "எல்லா உயிர்களையும் குணமாக்குகிறவர்" என்று மாற்றினார். ரவ் ஷேஷெத், "அதிசயங்கள் செய்கிறவர்" என்றார். உங்கள் மாணவர் ரவ் பாப்பா, சரி, இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுவோம் என்று முடித்தார். இன்றைக்கும் பக்தியுள்ள யூதர்கள் ஒவ்வொரு முறை ஒதுங்கிவிட்டு வரும்போதும் கை கழுவி இதைச் சொல்கிறார்கள். கழிப்பறைக்கு வெளியே சுவரில் இதை எழுதி மாட்டியிருப்பார்கள். செங்கடல் பிளந்ததை எண்ணிப் பார்க்க ஆண்டுக்கு ஒரு பஸ்கா. மூத்திரம் தடையில்லாமல் போனதற்கு ஒரு நாளில் எத்தனையோ தடவை அதிசயம் என்ற பேச்சு! இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஆண்மகனுக்குப் பால் சுரந்ததைக் கண்டு நீங்கள் ஏன் முகம் சுளித்தீர்கள் என்பது இப்போது ஓரளவு பிடிபடுகிறது. வழக்கமான வாசல்கள் திறந்து மூடுவதே உங்களுக்கு அதிசயம்தான். அது போதாமல் வேறு வாசலை உடைத்துத் திறக்க வேண்டி வந்தால், எங்கோ ஏதோ கெட்டுப்போயிருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் உரை எழுதிய ராஷியும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறார்: சம்பாத்தியத்தின் வாசல் அவனுக்குத் திறக்கவில்லையே, அதுதான் அவனுடைய தாழ்வு.

வயலையும் நீங்கள் அற்புதத்தை நம்பி விட்டவர் இல்லை. தினமும் போய்ச் சுற்றிப் பார்ப்பீர்களாம். ஒருநாள் உங்கள் குத்தகைக்காரன் விறகுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போகும்போது எதிரே மாட்டிக்கொண்டான். எங்கே போகிறது இது என்று கேட்டால், "ஐயா வீட்டுக்குத்தான்" என்றான். பெரியவர்கள் உன்னை எப்போதோ முந்திக்கொண்டார்கள் என்றீர்கள். நிலத்தைத் தினமும் போய்ப் பார் என்று அவர்கள் சும்மாவா சொன்னார்கள்! அதே மாதிரி, உழுகிற காலத்தில் உழு என்று ரபி இஸ்மவேல் சொன்னதற்கும், இறைவனுக்குப் பிடித்தபடி இருந்தால் நம் வேலையைப் பிறர் வந்து செய்வார்கள் என்று ரபி ஷிமோன் பார் யோகாய் சொன்னதற்கும் இடையில் நீங்கள் தீர்ப்பே எழுதவில்லை. இஸ்மவேல் வழியில் பலர் போனார்கள், பலித்தது; ஷிமோன் வழியில் பலர் போனார்கள், பலிக்கவில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள்.

உங்களுக்கு 900 ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்பெயினின் ஜெரோனா நகரில் நக்மானிடீஸ் என்று ஒரு யூத அறிஞர் வந்தார். நமக்கு நடப்பதெல்லாம் அற்புதமே, அதில் இயற்கை என்றோ உலக வழக்கம் என்றோ ஒன்றுமில்லை என்று நம்பும்வரை ஒருவனுக்கு மோசேயின் தோராவில், அதாவது வேதத்தில், பங்கே கிடையாது என்று யாத்திராகம உரையில் எழுதிவிட்டார். இறைவனுக்குப் பிடித்தபடி நடக்கிறவன் வீட்டில் வைத்தியனுக்கு என்ன வேலை என்று இன்னோரிடத்தில் கேட்டவரும் அவரே. வேடிக்கை என்னவென்றால், அவர் தொழிலும் வைத்தியம். அவருக்கு முன்பே வாழ்ந்த இன்னொரு யூத அறிஞர் மைமோனிடீஸ் நேர்மாறு: அற்புதங்கள்கூடப் படைப்பின் ஆறு நாட்களிலேயே இயற்கைக்குள் வைத்து அனுப்பப்பட்டவை என்றார். அவரும் வைத்தியர். இரண்டு பேருமே தினசரித் தொழுகையில், "எங்களோடு நாள்தோறும் இருக்கும் உமது அற்புதங்களுக்காக" என்ற அதே வரியைச் சொன்னவர்கள். நீங்கள் இவர்களில் யார் பக்கம் என்றால் எனக்குச் சொல்லத் தெரியாது. உங்கள் பக்கம் நிற்கவே எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது. நீங்கள் காப்பாற்றும் இந்த ஒழுங்குக்கு இரக்கம் கிடையாது. திருடிய கோதுமையை விதைத்தால் நியாயப்படி அது முளைக்கக் கூடாது, ஆனாலும் உலகம் தன் வழக்கப்படியே நடக்கிறது என்று உங்கள் ஏடுகளே சொல்கின்றன. திருடனுக்கு முளைத்த அதே ஒழுங்கில்தான் அந்த மனிதனின் மனைவி செத்தாள். அவனுக்குக் கூலிக்காசு இல்லாமல் போனதும் அதே ஒழுங்கில்தான். அதற்கு அவன் என்ன செய்வான்? அந்தத் தெருவில் பால் உள்ள ஒருத்தி இருந்திருப்பாள். நாலு காசு உள்ளவனும் இருந்திருப்பான். உங்களுக்கு வாய்த்த மாதிரி ஓர் அம்மா அந்தப் பிள்ளைக்கு வாய்க்கவில்லை. தாழ்ந்தவன் என்று ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் அந்த ஊரைச் சொல்லியிருக்கலாம். அந்தத் தகப்பன் கதை வரும் இடத்திலேயே ரவ் நக்மான் என்பவர் ஒன்று சொன்னார்: அற்புதம் நடக்கும், ஆனால் சாப்பாடு உண்டாகிவிடாது. அதுதான் பிரச்சினையின் அடிமடியில் கை வைத்தது என்று நினைக்கிறேன்.

நீங்கள் அற்புதங்களை நம்பாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. ரவ் பாப்பா உங்களிடம் கேட்டாரே: அந்தக் காலத்தில் ரவ் யெகூதா ஒரு செருப்பைக் கழற்றினாலே மழை கொட்டியது, நாம் உடம்பை வருத்திக் கதறினாலும் ஏனென்று கேட்க நாதியில்லையே? அந்தக் காலத்தவர்கள் இறைவனின் பெயருக்காக உயிரைக் கொடுத்தார்கள், நாம் கொடுப்பதில்லை என்று பதில் சொன்னீர்கள். அந்தப் பதிலில் ஏக்கம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. உங்கள் கல்விச்சாலையில் ஒரு பேய் இருந்தது, பட்டப்பகலில் இரண்டு பேராகப் போனாலும் அடிக்கும் என்கிறார்கள். ரவ் அகா பார் யாக்கோப் வருகிறார் என்று தெரிந்ததும், "யாரும் அவருக்குத் தங்க இடம் கொடுக்காதீர்கள், ஒருவேளை ஓர் அற்புதம் நடக்கலாம்" என்று ஊரில் சொல்லி வைத்தது நீங்கள்தானே? மனிதர் வேறு வழியில்லாமல் அங்கேயே படுத்தார். ஏழு தலைப் பாம்பாக அது வந்து நின்றது. அவர் ஒவ்வொரு முறை குனிந்து தொழும்போதும் ஒரு தலை விழுந்தது. காலையில் வந்து, அற்புதம் நடக்காமல் இருந்திருந்தால் என்னைச் சாகக் கொடுத்திருப்பீர்களே என்று கேட்டிருக்கிறார். அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று ஏட்டில் ஒரு வார்த்தைகூட இல்லை. படைப்பின் ஒழுங்கைப் பற்றி அவரிடமும் பேசினீர்களா?

அன்புடன்,
உங்கள் வாசகன்