மலத்தில் உதிரும் செல்களும் குடல் புற்றுநோயும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெருங்குடல் புற்றுநோய்க்கான மலப் பரிசோதனை என்றாலே, கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவைக் கண்டறியும் சோதனையோடு பேச்சு நின்றுவிடுகிறது. மலத்தோடு வெளியேறும் குடல் செல்களையே பிரித்தெடுத்துச் சோதிக்க முடியும் என்பதும் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால், ஆய்வகத்தில் நெடுங்காலம் பணிபுரிந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

குடலின் உட்சுவரில் உள்ள செல்கள் நான்கைந்து நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. பழையவை உதிர்ந்து மலத்தில் கலக்கின்றன. கட்டியிலிருந்தும் செல்கள் தொடர்ந்து உதிர்கின்றன. கட்டியின் இரத்தக் கசிவோ விட்டு விட்டு நிகழ்வது. கசியாத நாளில் எடுத்த மாதிரியில், மலத்தில் இரத்தத்தைத் தேடும் சோதனை எதையும் காட்டாமல் போகலாம்.

எண்ணற்ற பாக்டீரியாக்களுக்கும் உணவுச் சக்கைக்கும் நடுவே கிடக்கும் சில செல்களைப் பிடிப்பது எளிதன்று. மலத்தைக் கரைத்து வடிகட்டி, குடல் செல்லின் மேற்பரப்பிலுள்ள எப்கேம் என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி பூசிய நுண்ணிய காந்த மணிகளை அதில் சேர்ப்பார்கள். பிறகு குழாயைக் காந்தத்தின் அருகே வைத்தால், மணிகள் செல்களோடு சேர்ந்து சுவரோரம் மெல்லிய பழுப்புக் கோடாகப் படியும். கலங்கல் நீரை உறிஞ்சி அகற்றிவிடலாம். அந்தக் கோட்டில் இருப்பவற்றை நுண்ணோக்கியில் பார்க்கலாம். குடல் புற்றுநோயோடு தொடர்புடைய ஏபிசி, கே-ராஸ், பி53 மரபணுக்களில் மாற்றம் உண்டா என்றும் தேடலாம். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005இல் இம்முறையில் 116 நோயாளிகளில் 71 விழுக்காட்டினரிடம் நோயைக் கண்டறிந்தனர். நோயற்ற 83 பேரில் 88 விழுக்காட்டினருக்கு முடிவு சரியாகவே வந்தது. பத்தில் மூவரைத் தவறவிடும் முறையை நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. எந்த மலப் பரிசோதனையில் ஐயம் எழுந்தாலும் பெருங்குடலுக்குள் கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோபிதான் உறுதிசெய்ய வேண்டும். மலத்தில் இரத்தத்தைக் கண்ணால் கண்டவர்கள் இத்தகைய சோதனைகளுக்காகக் காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இம்முறை பரவலாகாததற்கு ஒரு காரணம், செல்கள் விரைவில் சிதைந்துவிடுவது. அறை வெப்பத்தில் மணிக்கணக்கில் வைத்த மாதிரியில், காந்தத்தை வைத்தாலும் பழுப்புக் கோட்டில் உருப்படியான செல்கள் கிடைக்காமல் போகலாம். கூச்சத்தால் டப்பாவைத் தாளில் சுற்றி ஒளித்துவைத்து, ஆள் குறைந்த நேரம் பார்த்துத் தாமதமாகக் கொண்டுவந்து கொடுத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள்மேல் எனக்கு வருத்தமே தவிரக் கோபமில்லை. மாதிரியைக் குளிரில் வைக்க வேண்டுமா, எத்தனை மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும் என்பது சோதனைக்குச் சோதனை மாறும். இதை ஆய்வகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி, தங்கள் மருத்துவப் பக்கத்தில் சுற்றிவளைக்காமல் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்