வெயிலை நம்பி எழுதிய விதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முளைவிட்ட நெல்லை இரண்டு கையிலும் அள்ளிக் காட்டியபடி ஒரு அம்மா நிற்கும் படத்தைச் சென்ற வாரம் மாவட்டப் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். ஈரப்பதத்தைச் சாக்காகச் சொல்லி அரசு நெல் கொள்முதல் நிலைய ஊழியர்கள் நெல்லைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கீழே எழுதியிருந்தது. படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம்தான் எழுத உட்கார்ந்தேன். அப்படித் திருப்பி அனுப்பிய ஊழியர்களில் நானும் ஒருவன்.

1991இல் பருவகாலப் பணியாளராக நெல் கொள்முதல் நிலையத்தில் சேர்ந்தேன். 2023இல் பட்டியல் எழுத்தராக ஓய்வு பெற்றேன். டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: நெல்லின் ஈரம், தூசி, தரம் பார்த்து, எடை போட வைத்து, விவசாயி பெயரில் பட்டியல் எழுதுகிறவர்தான் பட்டியல் எழுத்தர். மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்கிய கதைகள் ஊருக்கே தெரியும், அவற்றை நான் மறுக்கவில்லை. அது வேறு கடிதம். இது ஈரத்தைப் பற்றியது.

குத்தூசியால் மூட்டையைக் குத்தி, வருகிற நெல்லை ஈரம் பார்க்கும் மிஷினில் போட்டால் ஒரு எண் காட்டும். 17 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருந்தால் வாங்கலாம். மேலே போனால் கூடாது. மத்திய அரசு வகுத்த தர அளவு அது. எங்கள் அதிகாரியோ நானோ வைத்ததல்ல. ‘காயவச்சு எடுத்துட்டு வாங்க’ என்ற வாக்கியத்தை முப்பத்திரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. சொல்லும்போது பெரிதாக உறுத்தியதில்லை. வெயில் இருந்தது. இன்று 19 காட்டிய நெல்லைத் தரையில் பரப்பி இரண்டு தரம் கிண்டிவிட்டால் நாளை மாலைக்குள் 17க்கு வந்துவிடும். தை மாதத்தில் காலைப் பனியில் அளந்தால் எண் ஏறித்தான் காட்டும். பதினோரு மணிக்கு மேல் வாருங்கள் என்று நானே சொல்லி அனுப்புவேன். மிஷின் இல்லாத காலத்துப் பெரியவர்கள் ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்ப்பார்கள். ‘டக்’கென்று உடைந்தால் சரி, நசுங்கினால் இன்னும் காயவேண்டும். அவர்கள் பல்லும் என் மிஷினும் அநேகமாக ஒத்துப்போகும்.

அந்த 17 தப்பான எண் என்று நான் சொல்லமாட்டேன். ஈரநெல்லை மூட்டை கட்டி அடுக்கினால் நெல் மூச்சுவிட்டுச் சூடாகும். உள்ளே கையை விட்டால் சுடுசோற்றில் விட்டதுபோல் இருக்கும். மூன்றாம் நாள் புளிச்ச வாடை, அப்புறம் பூஞ்சாளம், பழுப்பு. குறுவை ரகங்கள் பலவற்றுக்கு விதை உறக்கம் குறைவு. நனைந்தால் மூட்டையிலேயே முளைத்துவிடும். இந்தக் காரணத்தால்தான் ஒவ்வொரு மழைக்கும் ‘22 சதவீதம் வரை வாங்கு’ என்று எழும் கோரிக்கையைக் கேட்டால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. விவசாயிகளின் நியாயம் புரிகிறது. ஆனால் 22 சதவீத ஈரத்தில் வாங்கிய நெல்லைத் திறந்தவெளிக் கிடங்கில் அடுக்கி மேலே தார்பாய் போட்டால், கெடுவது விவசாயி வீட்டில் கெடாமல் அரசாங்கக் கிடங்கில் கெடும். ஆறு மாதம் கழித்து ரேஷன் அரிசியில் வாடை வருகிறது என்று நீங்களே செய்தி போடுவீர்கள்.

சிக்கல் எண்ணில் இல்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் எழுதாமல் விட்ட ஒரு வரி இருக்கிறது. நெல்லைக் காயவைக்கிற வேலையை வெயில் சும்மா செய்துகொடுக்கும் என்பதே அந்த வரி.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 17க்குக் கொண்டுவந்தால் 94 கிலோதான் நிற்கும். ஆறு கிலோ தண்ணீர் ஆவியாகவேண்டும். ஒரு டன்னுக்கு அறுபது கிலோ, மூன்று குடம் தண்ணீர். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆள்விட்டுக் கையால் அறுத்து, அரியை வயலிலேயே ஓரிரு நாள் போட்டு, கட்டுக் கட்டிக் களத்துக்குத் தூக்கி அடித்தார்கள். நெல் எங்களிடம் வரும்போதே பாதி காய்ந்திருக்கும். இப்போது மிஷின் அறுப்பு. நின்ற பயிரை அறுத்து, அடித்து, அரைமணியில் டிராக்டரில் கொட்டிவிடுகிறது. அறுப்பு மிஷினுக்கே 20 சதவீத வாக்கில் ஈரம் இருந்தால்தான் நெல் நொறுங்காமல் வரும் என்கிறார்கள். ஆக, ஈரம் கூடியதற்கு மழை மட்டும் காரணமில்லை, அறுப்பு மாறியதும் காரணம். ஆள் கிடைக்காத ஊரில் மிஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. மிஷின் விட்டுவிட்டுப் போன ஈரத்தை வெயில் சரிக்கட்டிக்கொண்டிருந்தது, இப்போது வெயிலையும் நம்பமுடியவில்லை.

‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்பது எங்கள் பக்கத்துக் காலண்டர். தையில் மழை என்பது நெய் மாதிரி, சொட்டுச் சொட்டாக. 2021 ஜனவரியில் அந்த நெய்யைக் குடம் குடமாகக் கொட்டியது. அந்த மாதம் தமிழ்நாட்டில் வழக்கத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் மழை. அறுக்க நின்ற சம்பா தலைசாய்ந்து தண்ணீரில் கிடந்தது. பொங்கல் பானைக்கு ஈர அரிசி போட்ட வீடுகளை எனக்குத் தெரியும். 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகி இலங்கையைக் கடந்தது. பிப்ரவரியில் தாழ்வு மண்டலம்! இங்கே மறுபடியும் சம்பா நனைந்தது. மத்தியக் குழு வந்து, மாதிரி எடுத்துப் போய், அந்தத் தடவை 20 சதவீதம் வரை வாங்க அனுமதி கிடைத்தது. ஆனால் காகிதம் போய்த் திரும்புகிறவரை நெல் காத்திருக்குமா? காத்திருந்தது மனிதர்கள்தான், தார்பாய்க்குப் பக்கத்தில், ராத்திரியும்.

மறுபக்கமும் பார்த்துவிட்டோம். 2016இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. அந்த வருஷம் நிலையத்தில் எனக்கு எழுதப் பட்டியலே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து தூங்கியது நினைவிருக்கிறது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது. வருஷ மழையை எடுத்துச் சராசரி போட்டால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். சராசரியில் எவனும் நெல் காயவைக்கமுடியாது.

ஏன் இப்படி என்பதை என் மகள் விளக்கினாள், பள்ளியில் இயற்பியல் எடுக்கிறவள். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்குமாம். மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கையில், வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951க்கும் 2015க்கும் இடையில் சுமார் ஒரு டிகிரி சூடாகியிருப்பதாகச் சொல்கிறார்களாம். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: வானம் இப்போது பெரிய சாக்கு வைத்திருக்கிறது. நிரம்ப நாளாகிறது, நிரம்பிவிட்டால் ஒரே இடத்தில் அவிழ்த்துக் கொட்டுகிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஓய்வுக்குப் பிறகு குடும்பத்துக்கு மிஞ்சிய இரண்டு மா (மூன்று மா ஒரு ஏக்கர்) நிலத்தோடு ஒரு ஏக்கருக்குமேல் குத்தகைக்கும் எடுத்து, மொத்தம் இரண்டு ஏக்கர் பயிர் வைக்கிறேன். இந்த வருஷம், 2025இல், மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி சரியாகத் திறந்தது. தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து, நாற்றுவிட்டு, நட்டு, குறுவை அறுப்புக்கு வரும்போது அக்டோபர் நடுப்பகுதி. பருவமழை தொடங்க வழக்கமான நாள் அக்டோபர் 20. ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தாலே இடையில் இருப்பது ஒரு வாரம்தான். இந்த வருஷம் 16ஆம் தேதியே தொடங்கிவிட்டது. டயர் வைத்த அறுப்பு வண்டி ஈர வயலில் இறங்கவில்லை. பெல்ட் வண்டிக்குக் காத்திருந்து, கூடுதல் வாடகை கொடுத்து அறுத்தேன். 98 சிப்பம், சிப்பத்துக்கு 40 கிலோ.

நிலையத்தில் என் இடத்தில் உட்கார்ந்திருப்பது இளம்பிள்ளை, நான் வேலை சொல்லிக்கொடுத்தவன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். குத்தூசியால் குத்தினான், மிஷினில் போட்டான். 22.4. இரண்டாவது மூட்டையிலும் அதே வாக்கில். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. “காயவச்சு எடுத்துட்டு வாங்க சார்” என்றான். நான் சொல்லிக்கொடுத்த அதே தொனி.

எங்கே காயவைப்பது? நிலையத்தின் களம் ஒரு குட்டை. என் வீட்டு வாசல் பத்து மூட்டை கொள்ளும். மிச்சம், எல்லோரையும்போல் தார்ச்சாலையில். ராத்திரி வண்டி வந்து சறுக்கி விழுந்துவிடக்கூடாதே என்று சுற்றிலும் கல் வைத்தோம், அப்புறம் அந்தக் கல்லிலேயே ஒருவர் மோதிவிடுவாரோ என்று நானே விழித்திருந்தேன். இரண்டு மணி நேரம் வெயில் அடித்தால் பரப்புவது, மேகம் கூடினால் வாரி மூடுவது. இதே வேலையை ஒரு நாளில் நான்கு முறை. தனியார் வியாபாரி வந்து, அரசு விலையைவிடக் குவிண்டாலுக்கு 700 ரூபாய் குறைத்துக் கேட்டார். பக்கத்தில் காயப்போட்டிருந்த அக்கா கொடுத்துவிட்டார். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், என்ன செய்வார்.

நான் கேட்பது சலுகை இல்லை. மழை நாளில் வெயிலுக்குப் பதிலாக ஒரு உலர்த்தும் இயந்திரம் கேட்கிறேன். ஒவ்வொரு நிலையத்துக்கும் வேண்டாம், ஏழெட்டு நிலையங்களுக்கு ஒன்றாக, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகிற மாதிரி. கூலி வைக்கட்டும், கொடுக்கிறோம். நான் வேலை பார்த்த எந்த நிலையத்திலும் அப்படி ஒன்றை என் கண்ணால் பார்த்ததில்லை. மேலே கூரையும் கீழே மேடான சிமென்ட் தரையும் உள்ள களம் வேண்டும். தளர்வு கொடுப்பதாக இருந்தால், டெல்லியிலிருந்து குழு வந்து குத்தூசி பிடிக்கிறவரை இழுக்காமல், இந்த வட்டத்தில் இத்தனை நாளில் இத்தனை மில்லிமீட்டர் பெய்தால் இத்தனை சதவீதம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கட்டும். மழைமானி ஒவ்வொரு வட்டத்திலும் இருக்கிறதே.

காலண்டரை மாற்றமுடியாது என்று யாரும் சொல்லவேண்டாம். 2022இல் மேட்டூரை மே 24ஆம் தேதியே திறந்தார்கள். குறுவை முன்னதாக வரும் என்பதால், அக்டோபர் 1இல் தொடங்கவேண்டிய கொள்முதலைச் செப்டம்பர் 1க்கு நகர்த்த மத்திய அரசு அனுமதித்தது. அந்தச் செப்டம்பரில் நான் பட்டியல் எழுதினேன். மாதத்தை நகர்த்தத் தெரிந்தவர்களுக்கு ஒரு உலர்த்தியை நகர்த்தத் தெரியாதா?

படத்தில் இருந்த அம்மாவுக்கும், அவரைத் திருப்பி அனுப்பிய ஊழியருக்கும் நடுவில் நிற்பது பகை இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதினேன். அந்த ஊழியர் 20 காட்டிய நெல்லுக்கு 17 என்று எழுதினால், கிடங்கில் நெல் கெடும்போது அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

என் நெல் இன்னும் சாலையோரத்தில்தான் இருக்கிறது, ஆறாவது நாள். இன்று காலை தார்பாயை விலக்கி ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். நசுங்கியது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டியல் எழுத்தர்,
குடவாசல் வட்டம், திருவாரூர் மாவட்டம்.