உப்புவெளி முற்றத்தில் கூடியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

இந்த மடலில் பெயர்கள் எதையும் எழுதவில்லை. வேண்டாம் என்று சிலர் கேட்டீர்கள், காரணமும் எங்களுக்குத் தெரியும். ஆனால் யாரைச் சொல்கிறோம் என்று அவரவருக்கு விளங்கும்.

ஒருபாலீர்ப்பாளர் உரிமைக்காகப் போராடும் ரொசானா பிளேமர் கல்தேராவின் கதையைத் திருகோணமலையில், தமிழில், எங்கள் அம்மாமார் முன்னால் சொல்ல வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பேசிவைத்த மண்டபம் இரண்டு நாள் இருக்கும்போது கைவிரித்துவிட்டது. அன்றிரவே "என்ட முற்றம் கிடக்குதுதானே, வாங்கோ" என்று அழைத்த அன்ரிக்கு முதல் நன்றி. வேப்பமரத்தடியைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, அக்கம்பக்கத்தில் கதிரை இரவல் வாங்கி வைத்திருந்தீர்கள். எதற்கு என்று கேட்டவர்களுக்கு உள்ளதை உள்ளபடி சொன்னீர்களாம். எங்களுக்கே அந்தத் துணிச்சல் வந்திருக்காது.

சட்டத்தை விளக்கிய ஆசிரியருக்கு என்ன சொல்வது! 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் ஒருபாலுறவைக் குற்றமாக்கும் பிரிவுகளை 365, 365அ என்று வெறும் இலக்கமாகவே கேட்டுப் பழகியிருந்தோம். நீங்கள் ஒரு பெரிய மட்டையில் "ஆண் ஒருவர்" என்று எழுதி, "ஆண்" என்ற சொல்லைச் சிவப்புப் பேனையால் வெட்டினீர்கள். மிஞ்சியது "ஒருவர்". 1995இல் 365அ பிரிவுக்குச் செய்த திருத்தம் இதுதான், குற்றத்தை எடுக்காமல் பெண்களையும் அதற்குள் இழுத்துக்கொண்டார்கள் என்றீர்கள். முற்றத்தில் ஒரு சத்தமும் இல்லை. 365இன் கீழ் பத்து வருடம் வரை சிறை என்று சொன்னதும் பின்வரிசையில் ஒரு அம்மா, "பத்து வருச மறியலோ? ஆரைக் கொன்டதுக்கு?" என்றார். அம்மா, அந்தக் கேள்விக்கு உங்களுக்குக் கோடி நன்றி. அதுவரை தலை குனிந்து இருந்த பிள்ளைகள் அப்போதுதான் நிமிர்ந்தார்கள்.

ரொசானாவின் வாழ்க்கையைச் சொன்ன தங்கச்சிக்கும் நன்றி. சான் பிரான்சிஸ்கோவில் பல வருடம் வாழ்ந்தவர், அங்கேயே நிம்மதியாக இருந்திருக்கலாம். கொழும்புக்குத் திரும்பி வந்து, 2004இல் ஈக்வல் கிரவுண்ட் அமைப்பைத் தொடங்கினார். தன் நாட்டுச் சட்டத்துக்கு எதிராக, தன் சொந்தப் பெயரிலேயே, பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழுவிடம் முறையிட்டார். 2022இல் அந்தக் குழு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. "சொந்தப் பெயரில" என்பதை நீங்கள் இரண்டு தடவை சொன்னீர்கள், தங்கச்சி. இரண்டாம் தடவை குரல் தழுதழுத்தது. அடுத்த வருடம் எங்கள் உயர் நீதிமன்றமும் இந்தக் குற்றப் பிரிவுகளை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்றது.

அப்புறம், கடலை அவித்துத் தேங்காய்ச் சொட்டு போட்டுத் தாளித்துக் கொண்டுவந்த மாமிக்கும், வெறுந்தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே இருந்த தம்பிமாருக்கும் நன்றி. இருட்டியபிறகு இரண்டு பிள்ளைகளைக் கிண்ணியாப் பாலம் தாண்டி வாசல்வரை கொண்டுபோய் விட்டு, "சேர்ந்திட்டினம்" என்று அழைத்துச் சொன்ன ஆட்டோ அண்ணா, காசு வாங்க மறுத்துவிட்டீர்கள். நீங்கள் அழைக்கும்வரை நாங்கள் ஒருவரும் எழும்பவில்லை.

அந்த மட்டையை மூதூர்த் தம்பி கேட்டிருக்கிறார், அவரிடமே கொடுக்கிறோம். ஒரு சுடுதண்ணிப் போத்தலும் நீலக் குடையும் அன்ரி வீட்டில் இருக்கின்றன. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். தேத்தண்ணி குடிக்காமல் அனுப்பமாட்டா.

அன்புடன்,
முற்றத்தில் கூட்டம் வைத்த நாங்கள்