நினைவுப் பரிசில் யாருடைய பெயர்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிட்னியின் மேற்குப் புறநகரில் நெடுங்காலமாகச் சிறிய அச்சகம் ஒன்றை நடத்தி வருகிறேன். திருமண அழைப்பிதழ், அரங்கேற்ற மலர், கடைத் திறப்பு விழாப் பேனர், கோவில் திருவிழாத் துண்டறிக்கை என்று நம்மவர்களின் வேலைகள்தாம் என்னிடம் மிகுதியாக வருகின்றன. ஆகவே, நமது வணிகர்களும் சங்கங்களும் இந்நாட்டுப் பூர்வகுடி மக்களை எங்கே நினைவுகூர்கிறார்கள், எங்கே மறந்துவிடுகிறார்கள் என்பதை அச்சுக்கு வரும் தாள்களிலேயே காண்கிறேன்.

குத்துவிளக்கேற்றல், தமிழ்த்தாய் வாழ்த்து ஆகியவற்றுக்கு அடுத்து, இந்நிலத்தின் பாரம்பரிய உரிமையாளர்களுக்கு மரியாதை செலுத்தும் வரிகள் இப்போது பெரும்பாலான நிகழ்ச்சி நிரல்களில் இடம்பெறுகின்றன. நல்ல வழக்கம்தான். ஆனால் பிளாக்டவுனிலோ டூங்காபியிலோ நடக்கும் விழாவுக்கு, நகர மையத்து நிகழ்ச்சி ஒன்றின் நிரலிலிருந்து அப்படியே எடுத்த "காடிகல் மக்களின் நிலம்" என்ற வரி வந்து சேர்கிறது. காடிகல் மக்களின் நிலம் சிட்னி நகர மையமும் அதைச் சூழ்ந்த பகுதிகளும்; நாம் கடை வைத்திருக்கும் மேற்குப் பகுதி தாருக் மக்களுடையது. திருத்தலாமா என்று கேட்டால், "இரண்டும் ஒன்றுதானே, விடுங்கள்" என்ற பதிலே பல முறை கிடைத்திருக்கிறது. அழைப்பிதழில் சொந்த ஊரின் பெயரில் ஓர் எழுத்து பிழைத்தாலும் மறு அச்சுக் கேட்பவர்கள் நாம்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வாடிக்கையாளர் ஒருவரின் இனிப்புக் கடைக்காகப் பெட்டி அச்சிட்டபோது, "ஆஸ்திரேலியத் தன்மை வேண்டும்" என்று அவர் கேட்டதால், இணையத்தில் கிடைத்த புள்ளி ஓவியம் ஒன்றைச் சற்று நிறம் மாற்றிப் பெட்டியின் மூடியில் இட்டுக் கொடுத்தேன். அதைக் கண்ட பூர்வகுடிப் பெண்மணி ஒருவர், சினம் கொள்ளாமல், "இது யாருடைய கதை, யாரிடம் கேட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று உலகறிந்த புள்ளி ஓவிய மரபு, 1971இல் மத்திய ஆஸ்திரேலியாவின் பப்புன்யாவில், மேற்குப் பாலைவன மக்கள் தங்கள் சடங்குக் குறிகளைப் பலகையிலும் துணியிலும் தீட்டத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது என்பதையும், அக்குறிகளில் சிலவற்றைப் பிறர் பார்வைக்கு வைப்பது பற்றி அவர்களுக்குள்ளேயே கட்டுப்பாடுகள் உண்டு என்பதையும் பிறகுதான் அறிந்தேன். தமிழ் விழா ஒன்றின் விளம்பரத்தில் கதகளி முகத்தை அச்சிட்டுவிட்டு, "எல்லாம் தென்னிந்தியாதானே" என்று யாராவது சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

அனுமதியின்றி எடுத்தாள்வது வெறும் மரியாதைக் குறைவு மட்டுமன்று. பூர்வகுடி ஓவியர்களின் படைப்புகளை வியட்நாமில் தரைவிரிப்புகளாக நெய்வித்து இறக்குமதி செய்த நிறுவனத்துக்கு எதிராக, 1994இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காசு இழப்புக்கு மட்டுமல்லாமல், புனிதமான வடிவங்கள் மிதிபடும் பொருளானதால் ஓவியர்கள் தம் சமூகத்தாரிடையே அடைந்த வேதனைக்கும் அத்தீர்ப்பு இழப்பீடு வழங்கியது.

நம்மிடம் இன்னும் பரவலாக இருப்பது நினைவுப் பரிசு வழக்கம். தமிழ்நாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வரும் பேச்சாளருக்குப் பொன்னாடை போர்த்தியபின், பூமராங் ஒன்றையோ டிஜெரிடூ என்ற பூர்வகுடி ஊதுகருவியின் சிறிய வடிவம் ஒன்றையோ கையில் கொடுக்கிறோம். அது எங்கே செய்யப்பட்டது என்று பார்ப்பவர் அரிது. பிருபி ஆர்ட் என்ற நிறுவனம் 2015 ஜூலை முதல் 2017 நவம்பர் வரை இத்தகைய பொருள்களில் 18,000க்கும் மேற்பட்டவற்றை விற்றது. பூர்வகுடிக் கலை என்ற தோற்றத்தில் விற்கப்பட்ட அவை உண்மையில் இந்தோனேசியாவில் செய்யப்பட்டவை. 2019இல் நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தபோது அந்நிறுவனம் ஏற்கெனவே கலைப்பு நடவடிக்கைக்குள் சென்றிருந்தது. அந்த வழக்கில் நுகர்வோர் சட்டம் தண்டித்தது ஏமாற்றிய செயலைத்தான். எங்கே செய்தது என்பதை மறைக்காமல் விற்றிருந்தால் அச்சட்டத்துக்கு அங்கே வேலையே இருந்திராது. ஆகவே வாங்குகிறவர் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப்போவதில்லை. பூர்வகுடிக் கலைஞர்களின் கலை மையங்கள் தாம் விற்கும் படைப்புடன் கலைஞரின் பெயரையும் ஊரையும் எழுதித் தருகின்றன. பூர்வகுடியினருக்குச் சொந்தமான நிறுவனங்களைத் தேட சப்ளை நேஷன் அமைப்பின் பட்டியல் எவரும் பார்க்கும்படி இருக்கிறது. விலை கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் மேடைக்குச் செலவிடும் பூ அலங்காரத் தொகையை நான் அறிவேன், அதற்கும் விலைச்சீட்டு என் மேசை வழியாகத்தான் போகிறது.

கட்டட ஒப்பந்தத் தொழிலில் இருக்கும் நண்பர்களுக்கும் ஒரு சொல். நியூ சவுத் வேல்ஸில் பூர்வகுடி மக்களின் தொல்பொருள்களைச் சேதப்படுத்துவது 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தெரியாமல் செய்தாலும் குற்றமே. மேற்குப் புறநகரின் புதிய மனைகளில் கற்கருவிகள் கிடைப்பது புதுமையன்று. தோண்டுமுன் அரசின் பதிவேட்டில் அந்த மனையைத் தேடிப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். தோண்டும்போது ஏதேனும் தென்பட்டால், வேலையை நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலை தாமதமாகும் என்று அஞ்சி மண்ணை மூடச் சொன்ன மேற்பார்வையாளர் ஒருவரைப் பற்றி அவரிடம் வேலை செய்தவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். பிளாக்டவுன் என்ற பெயரே, பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பூர்வகுடிக் குழந்தைகளை வைத்திருந்த விடுதி 1823இல் அங்கு இடம் மாற்றப்பட்ட வரலாற்றோடு பிணைந்தது. அந்த விடுதி இருந்த நிலம் தாருக் மக்களிடம் 2018இல்தான் திரும்பி வந்தது.

தங்கள் இதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. விழாப் படங்களின் கீழ், பரிசு வழங்கியவர், பெற்றவர், உடன் நின்றவர் என்று எல்லோருடைய பெயரையும் தவறாமல் வெளியிடுகிறீர்கள். பூர்வகுடிக் கலைப்பொருள் பரிசாக வழங்கப்படும்போது, அதைச் செய்த கலைஞரின் பெயரையும் அதே வரியில் சேர்த்து வெளியிடுங்கள். பெயர் தெரியவில்லை என்று அமைப்பாளர்கள் சொன்னால், அதையும் அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
அச்சகம் நடத்தும் வாசகர்,
வென்ட்வொர்த்வில், நியூ சவுத் வேல்ஸ்