பெயர் தெரியாத தாய்மார்களுக்கும், தெரிந்த எல்லோருக்கும்

மும்பை தாராவி 90 அடி சாலையிலிருந்து, நன்றி சொல்ல எழுதுகிறேன். சயான் ஆஸ்பத்திரியில் 41 நாள் இருந்துவிட்டு என் மகன் வீட்டுக்கு வந்துவிட்டான். 30 வாரத்திலேயே பிறந்தவன். அன்று 1 கிலோ 240 கிராம், வரும்போது 1 கிலோ 710.

வலி வந்த ராத்திரி முதலில் போன நர்சிங் ஹோமில் எங்களை இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அப்புறம்தான், இவ்வளவு சின்னக் குழந்தையைப் பார்க்க இங்கே வசதி இல்லை என்றார்கள். சரி, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். அங்கிருந்து எங்களை சயானில் சேர்த்த டாக்ஸிக்காரர் மீட்டரே போடவில்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டார். டாக்ஸி அண்ணா, உங்களுக்கு முதல் நன்றி.

மூன்று நாள் எனக்குப் பால் சுரக்கவில்லை. என் அத்தை பூண்டு, சுறாப்புட்டு என்று வீட்டையே மணக்க வைத்தும் சொட்டு வரவில்லை. இத்தனை சின்னக் குடலுக்குப் பவுடர் பாலைவிடத் தாய்ப்பால்தான் பாதுகாப்பு, இல்லாவிட்டால் குடல் புண்ணாகி அழுகும் ஆபத்து கூடும் என்று டாக்டர் சொன்னபோது, குற்றவாளி மாதிரி நின்றேன். "பயப்படாதே, இங்கே பால் வங்கி இருக்கிறது" என்றார் சிஸ்டர். 1989இல் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கியதாம். ஆசியாவிலேயே அதுதான் முதலாம். இத்தனை வருஷம் அந்தச் சுவரை ஒட்டியே நடந்திருக்கிறேன், தெரியாது.

பிள்ளை பெற்ற மற்ற தாய்மார் கொடுத்த பால். அவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, கிருமி இல்லை என்று பார்த்த பிறகுதான் தருகிறார்கள். முதல் வேளைக்கு 2 மில்லி. எங்கள் வீட்டுச் சங்கில் அடி கூட நனையாது. ஊசியில்லாத சிரிஞ்சை, அவன் வயிற்றுக்குப் போகும் குழாயில் செருகி, சிஸ்டர் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அழுத்தவில்லை. பால் தானாக, நூல் மாதிரி இறங்கியது. அது இறங்கி முடியும்வரை நானும் மூச்சு விடவில்லை.

அந்தப் பாலைக் கொடுத்த அக்கா, தங்கச்சிகளே, நீங்கள் மராத்தியா, உருதுவா, நம் ஊரா, எதுவும் எனக்குத் தெரியாது. நான்காம் நாள் எனக்கும் பால் வந்தது. அவனுக்குப் போக மிஞ்சியதை நானும் வங்கிக்குக் கொடுத்தேன். யாருக்குப் போகும் என்று கேட்டேன், சொல்லமாட்டார்களாம். அதுவும் சரிதான்.

ராத்திரி டியூட்டி சிஸ்டர்களுக்கு: அவன் அடிக்கடி மூச்சு விட மறந்துவிடுவான். மானிட்டர் கத்துவதற்குள் நீங்கள் உள்ளங்காலைச் சுண்டி அவனை எழுப்பிவிடுவீர்கள். மூச்சு மறக்காமலிருக்கக் கொடுத்த மருந்து காஃபீன் என்றதும், "பிறந்ததும் காபியா!" என்று அத்தை சிரித்தார். அத்தனை நாளில் எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. குழாயை எடுத்தபின் பாலாடையில் ஊட்டச் சொல்லிக்கொடுத்தீர்களே, மும்பை நர்ஸ் வாயில் நம் ஊர்ச் சொல்! 30ஆம் நாள் விழித்திரைச் சோதனையில் நான் நடுங்கியபோது, "ரடூ நகோ" (மராத்தியில் 'அழாதே') என்று தோளைப் பிடித்துக்கொண்ட மௌசியை, அந்த ஆயாம்மாவை, மறக்கமாட்டேன்.

என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி அவனை நெஞ்சோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது முதலில் கூச்சப்பட்டார். கங்காரு முறை என்கிறார்கள். கொலம்பியாவில் இன்குபேட்டர் போதாமல் ஆரம்பித்ததாம். மூன்றாம் நாளிலிருந்து எனக்கு முறையே கிடைக்கவில்லை, அவரே வைத்துக்கொண்டார். லெதர் பட்டறை முதலாளி அதற்காகச் சம்பளம் பிடிக்காததற்கும் நன்றி.

கடைசியாக இட்லிக் கடை அண்ணாச்சி. 41 நாளும் காலையில் ஆஸ்பத்திரி கேட்டுக்கு இட்லி வந்தது, காசு கேட்டதில்லை. உங்கள் தூக்குவாளி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும்போது கொண்டுவருகிறேன்.